நீலகிரிப் புல்வெளி: மண்ணுக்கு அடியில் நடப்பது

எல்லோருக்கும் வணக்கம். புல்வெளி என்றதும் வரையாட்டையும் குறிஞ்சிப் பூவையும் எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது அவை நிற்கிற மண்ணைப் பற்றி.

அவலாஞ்சி, மேல்பவானி, முக்குருத்திப் பக்கம் போயிருப்பீர்கள். மேடெல்லாம் புல், பள்ளத்தில் மட்டும் சோலைக்காடு. இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் மேட்டில் ஏன் மரம் இல்லை, யாராவது வெட்டியிருப்பார்களோ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாண்டிநல்லா சதுப்பு இதற்குப் பதில் வைத்திருந்தது. செடிகள் முழுதும் மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்த கரிமண் அங்கே இருக்கிறது. மரங்களும் வெப்பநாட்டுப் புற்கள் பலவும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு வேறு. அந்த வேறுபாடு கார்பன் ஐசோடோப்பில், அதாவது எடை மட்டும் வேறான கார்பன் அணுக்களின் விகிதத்தில், பதிந்து நிற்கும். சூழலியலாளர் இராமன் சுகுமாரும் குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த அடுக்குகளில் 20,000 ஆண்டு வரலாற்றைப் படித்துக் காட்டியது. பனியூழியின் கடுங்குளிர்க் காலத்திலேயே இங்கே புல் ஓங்கியிருக்கிறது. கோடரியின் மேல் பழி போட முடியாது.

உறைபனிக்கும் இதில் பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் விழும் பனி, சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லும் மேலே கருகத்தான் செய்கிறது. ஆனால் அதன் குருத்து மண்ணை ஒட்டிப் பத்திரமாக இருப்பதால் மழை வந்ததும் மறுபடி தழைக்கிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். அங்கே சாலை ஓரத்தில் மண் வெட்டிய இடத்தைப் பாருங்கள். மேலே கன்னங்கரேலென்று ஓர் அடுக்கு, கீழே செம்மஞ்சள். கறுப்பாக இருப்பது மட்கு, அதாவது செடிகள் மக்கிச் சேர்ந்த பொருள். குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை பார்க்கும். அதோடு இந்தப் புளிப்பு மண்ணில் அலுமினியமும் இரும்பும் மட்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் பாக்டீரியாவால் அதை எளிதில் தின்ன முடியாது. எரிமலையே இல்லாத நீலகிரியில், எரிமலைச் சாம்பல் மண்ணின் குணங்கள் கொண்ட மண் இருப்பதை மண்ணியலாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

கறுப்பு மண்ணைக் கண்டால் கொழுத்த நிலம் என்று தோன்றும். ஆனால் இங்கே சத்து லாக்கரில் வைத்த நகை மாதிரி: இருக்கிறது, கைக்கு வராது. நைட்ரஜன் மட்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பாஸ்பரஸை அலுமினியம் பிடித்து வைத்திருக்கிறது. சாட்சி வேண்டுமென்றால் மழைக்காலத்தில் ஈரமான புல் சரிவில் குனிந்து தேடுங்கள். அழுகண்ணி இருக்கும். சின்ன இலை, இலை முழுக்கச் சிவந்த மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு பசைத் துளி. உட்கார்ந்த கொசு எழுந்திருக்காது. மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் ஒரு செடி பூச்சி பிடித்துச் சாப்பிட வேண்டிய அவசியம் என்ன?

புல்லுக்கு அந்த வித்தை தெரியாது. அது பூஞ்சையோடு கூட்டு வைத்துக்கொள்கிறது. வேரின் உயிரணுவுக்குள்ளேயே நுழைந்து கிளைவிடும் வேர்ப்பூஞ்சைகள் உண்டு. வேர் எட்டாத இடுக்குகளுக்குள் அவற்றின் இழைகள் போய் பாஸ்பரஸைக் கொண்டு வரும். கூலி, சர்க்கரை. செடி தயாரிக்கும் உணவில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குப் போகலாம் என்பது பொதுவான மதிப்பீடு. கொஞ்சம் அதிகக் கூலிதான்! ஆனால் அந்த இழைகள்தான் மண் துகள்களைச் சேர்த்துக் கட்டுகின்றன. அப்படிக் கட்டிய மண்ணில்தான் மழைநீர் இறங்கி ஓடைக்கு மெல்லக் கசியும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் சீகை மரம், அதாவது ஆஸ்திரேலிய வாட்டில், 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் என்று வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் பெரிய அளவில் வைத்தார்கள். அது அவரைக் குடும்பத்து மரம். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தரும். இலை உதிர உதிர, பட்டினிக்குப் பழகிய மண்ணில் நைட்ரஜன் ஏறுகிறது. அப்புறம் அங்கே குறைந்த தீனியில் வாழப் பழகிய புல்லுக்கு என்ன வேலை? ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூ வெளிநாட்டுப் புதரும் இதே வேலையைத்தான் செய்கிறது. பைன் மரத்தின் கதை வேறு. தனக்கு ஏற்ற பூஞ்சை இல்லாத மண்ணில் பைன் தேறாது. உலகில் பல இடங்களில் பைன் காடு வளர்த்தவர்கள் பூஞ்சை உள்ள மண்ணையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டியிருந்தது.

'அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே' என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். வெட்டினால் மரம்தான் போகும். ஏறிய நைட்ரஜன் மண்ணிலேயே இருக்கும். சீகை விதையோ பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கொத்துக் கொத்தாக முளைக்கும். இன்னொரு சிக்கல், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் போய் மொட்டையடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புல்வெளி ஓரத்தில் இடுப்பளவு ஏறி வரும் இளம் சீகையை முதலில் பிடுங்குவோம். அதன் கீழே பழைய மண் இன்னும் அதிகம் மாறியிருக்காது, பக்கத்திலேயே புல்லும் இருக்கிறது.

மரமே முற்றிய இடத்தில் புல் வேண்டுமென்றால், புல் தூரை வேர்மண்ணோடு பெயர்த்து நட வேண்டும். பூஞ்சையும் அதோடு வந்துவிடும். திட்டம் எழுதுகிற அதிகாரிகள் யாராவது இங்கே இருந்தால் ஒரு வேண்டுகோள்: வெட்டுக்கூலியோடு செலவுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கன்று பிடுங்கும் கூலியையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.