கிடேரிக்கு ஊசி போட்டோம், சாணியில் வண்டைக் காணோம்

வணக்கம் மக்களே, கோத்தகிரியில் இருந்து பேசுகிறேன். இன்றைக்குக் காட்டப் போவது சாணி, அதனால் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

இதோ என் காலடியில் இரண்டு கிடக்கின்றன. இடது பக்கம் இருப்பது கறவை மாடு போட்டது, நான்கு நாள் பழசு. குச்சியால் புரட்டுகிறேன், பாருங்கள், உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை, அடியில் மண் பொலபொலவென்று கிளறிக் கிடக்கிறது, அந்தக் கறுப்பு வண்டு வெளிச்சம் பட்டதும் தலையை மண்ணுக்குள் திணிக்கிறது. வலது பக்கம் எங்கள் கிடேரி போட்டது, அதே நாள். உண்ணித் தொல்லை தாங்காமல் ஒன்பது நாளைக்கு முன்னால் அதற்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டோம். மேலே வறட்டி மாதிரி காய்ந்துவிட்டது, உள்ளே பச்சையாக அப்படியே இருக்கிறது, ஒரு புழுகூட நெளியவில்லை.

இரண்டு சாணியை வைத்துக்கொண்டு இதுதான் ஆராய்ச்சி என்று அடித்துவிட மாட்டேன். ஆனால் 1987இலேயே இங்கிலாந்தில் கன்றுகளின் வயிற்றுக்குள் இந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் குளிகையாக வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சாணியில் பூச்சிகள் வளரவில்லை, நூறு நாள் கழித்தும் பெரும்பகுதி மக்காமல் கிடந்தது.

காரணம் இதுதான். உடம்புக்குள் போன மருந்தில் பெரும்பங்கு மாறாமல் சாணியோடு வெளியே வருகிறது. குடற்புழுவையும் உண்ணியையும் அது நரம்பை முடக்கித்தான் கொல்கிறது. வண்டுக்கும் ஈக்கும் நரம்பில் அதே பூட்டு, அதனால் அதே சாவி திறக்கிறது. வளர்ந்த வண்டு சாணிச் சாற்றை மட்டும் உறிஞ்சுவதால் உடனே சாவது குறைவு. தாய் வண்டு மண்ணுக்கடியில் உருட்டி வைத்த உருண்டைக்குள் முட்டையில் இருந்து வரும் புழுவுக்கோ அந்தச் சாணிதான் முழுச் சாப்பாடு, தப்பிக்க வழியில்லை. ஊசி போட்டு இரண்டு, மூன்று வாரம் வரைக்கும்கூட இது நடக்கும்.

மருந்து மோசம் என்று சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2015இல் சடோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது, ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேருடைய கண்ணைக் காப்பாற்றிய மருந்து. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறு கழுகுகள் செத்த கதை மாயாறு பக்கம் எல்லோருக்கும் தெரியும், 2006இல் தடையும் வந்தது. வண்டுக்கு யார் போஸ்டர் ஒட்டப் போகிறார்கள்?

அப்போது என்ன செய்வது? குடற்புழுவுக்கு மட்டும் என்றால் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை வண்டுகளுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை, சினை மாடாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணியிடம் அது பலிக்காது. உண்ணிக்கு மேலே ஊற்றும் டெல்டாமெத்ரின் மாதிரி மருந்துகளும் சாணியில் இறங்கி வண்டைக் கொல்லும், அதனால் லேசான வழி இல்லை. நான் செய்யப் போவது, முதலில் சாணியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, தேவைப்படுகிற மாட்டுக்கு மட்டும் போடுவது. பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டார்கள் என்று நம் தொழுவத்தில் எல்லாவற்றுக்கும் வரிசையாகப் போடுகிற பழக்கம் எங்கள் வீட்டிலேயே இருந்தது, அம்மா இதைப் பார்த்தால் திட்டும்.

இப்போதைக்குக் கிடேரி தொழுவத்திலேயே இருக்கிறது, மேய்ச்சலுக்கு விடவில்லை, அதன் சாணி தனிக் குழியில் போகிறது. கேரட் தோட்டத்துக்கு ஒரு வண்டி எரு கேட்டிருந்த அண்ணனிடம் இந்தக் குழியில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.