பொரிப் பொட்டலத்தில் வந்த கதை

நடுவர் ஐயா அவர்களுக்கும் அம்மாப்பேட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம். குடும்ப நாவல் வாசிப்பு மனத்தை விரிக்கிறது என்னும் அணிக்காகப் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர், "குடும்ப நாவலின் தாள் பொரிகடலை மடிக்கத்தான் உதவும்" என்றார், நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, எங்கள் வீட்டுக்குள் நாவல் என்ற ஒன்று முதன்முதலில் பொட்டலமாகத்தான் வந்தது.

ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்பா வாங்கி வந்த பொரிகடலை அது. தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, பொரியை எங்களுக்குக் கொட்டிவிட்டு, தாளை நீவி வாசிக்கத் தொடங்கினார். கதையில், ஊருக்கு வெளியே, தண்ணீர் வராத புதுக் குடியிருப்பில், கடனில் கட்டிய வீடு ஒன்று. அதைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு பெண் பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். பேருந்து வருகிறது. அவள் படியில் கால் வைக்கப் போகிறாள். அத்தோடு தாள் முடிந்துவிட்டது.

மறுநாள் அதே கடைக்கு அப்பாவை அம்மா அனுப்பினார். மீண்டும் பொரி வந்தது. சுற்றியிருந்ததோ வேறு ஏதோ கணக்குப் புத்தகத்தின் தாள். மூன்றாம் நாளும் பொரிதான் வந்தது, கதை வரவில்லை. அதற்குள் தெருவில் தார் சுற்றும் பெண்கள் அனைவரும் அந்தத் தாளை வாசித்துவிட்டிருந்தார்கள். ஏறியிருப்பாள் என்று ஒருவர், பிள்ளையை நினைத்துத் திரும்பியிருப்பாள் என்று இன்னொருவர், பெட்டியில் என்னவெல்லாம் எடுத்து வைத்திருப்பாள் என்று வேறொருவர். ராட்டைச் சத்தத்துக்கு மேல் ஒரு வாரம் வழக்காடினார்கள். எட்டாம் நாள், அதுவரை வாய் திறக்காதிருந்த அடுத்த வீட்டுப் பெரியம்மா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவள் ஏறியிருக்க வேண்டும். நான் ஏறவில்லை" என்றார்.

அம்மாவும் பெரியம்மாவும் பதினைந்து ஆண்டுகளாக ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்தவர்கள். அந்தச் சொல்லை வெளியே கொண்டுவர ஊராலும் உறவாலும் இயலவில்லை. கிழிந்த தாள் ஒன்றால் இயன்றது. பொரி மடித்த தாள் என்று இகழ்ந்த ஐயா அவர்களே, அதற்குள் மடிந்திருந்தது எங்கள் பெரியம்மாவின் வாழ்க்கை!

குடும்ப நாவல்கள் தரமற்றவை என்றும் எதிரணித் தலைவர் சொன்னார். குடும்பக் கதைகளால் வீடு வீடாக வாசிக்கப்பட்ட மருத்துவர் லட்சுமிக்குத்தான் 1984-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1969-இல் தொடங்கிய ராணிமுத்து, குறைந்த விலையில் மாதம் ஒரு நாவலைத் தந்து, புத்தகக் கடைக்குள் நுழையாத குடும்பங்களையும் வாசகர்களாக்கியது. அம்மாவும் பிறகு அதன் பழைய இதழ்களைக் கைமாற்றாக வாங்கி வாசித்தார்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா இன்று இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் இரவில் நான் வாசித்துக் காட்டுகிறேன். எந்த நாவலிலாவது பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் வந்து நின்றால், அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாகப் படி, அம்மா. அவள் ஏறட்டும்" என்கிறார்.

நன்றி, வணக்கம்.