கதவைப் பூட்டச் சொன்னார், கண்ணை அல்ல

சபையார் அனைவருக்கும் அன்பான ஸ்தோத்திரம்.

சண்டே ஸ்கூலில் முதலில் சொல்லித் தருவது என்ன? "கையைக் கூப்பு, கண்ணை மூடு." ஒரு பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டால் தலையில் ஒரு குட்டு. சரி, இந்தச் சட்டம் வேதத்தில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன ஆண்டவர் இயேசு கண்ணை மூடச் சொல்லவில்லை. லாசருவின் கல்லறை முன்பு அவரே கண்களை ஏறெடுத்துத்தான் பிதாவிடம் பேசினார். அவர் சொன்ன உவமையில் வரும் ஆயக்காரனோ, அதாவது வரி வசூலிக்கிறவனோ, கண்ணை ஏறெடுக்கவும் துணியவில்லை. அவனும் நீதிமானாக வீடு திரும்பினான். சாலொமோன் முழங்காலில் நின்று கைகளை விரித்தான், தாவீது உட்கார்ந்து ஜெபித்தான். கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம் என்ற திருச்சபைத் தலைவர்களின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் போடாமல் நின்றே ஜெபிக்கச் சொன்னது.

எனக்கு மிகவும் பிடித்தவர் நெகேமியா. ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கிற வேலை அவருக்கு. எருசலேம் இடிந்து கிடக்கிற துக்கம் முகத்தில் தெரிந்துவிட, "உனக்கு என்ன வேண்டும்?" என்கிறார் அர்தசஷ்டா ராஜா. அந்தக் கேள்விக்கும் தம்முடைய பதிலுக்கும் நடுவே ஜெபம் பண்ணியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ராஜா பதிலுக்குக் காத்திருக்கும்போது முழங்கால் போட ஏது நேரம்? கண்ணை மூடிக்கொண்டு நிற்கத்தான் முடியுமா?

அந்த மாதிரி ஜெபத்தைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். இதே வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனை வார்டில் பிள்ளையின் கட்டிலோரம் நிற்கிற தாயைப் பாருங்கள். வேதத்தில் பிள்ளை கேட்டு ஜெபித்த அன்னாளைப் போல உதடு மட்டும் அசைகிறது. கண்ணோ சொட்டுச் சொட்டாக இறங்கும் டிரிப்ஸ் பாட்டில் மேலேயே இருக்கிறது. பாட்டில் தீருவதற்குள் நர்ஸம்மாவைக் கூப்பிட வேண்டுமே! அந்த ஜெபம் குறைவானது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

கண்ணை மூடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. மனம் அலையாமல் இருக்க அது நல்ல உதவி. நானும் மூடித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் உதவிக்கு வந்ததைக் கட்டளையாக்கிவிட்டால் அடிபடுகிறவர்கள் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். "முழங்காலில் நிற்போம்" என்றதும் மூட்டு வலிக்கிற பாட்டிமார் பக்கத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, மறு காலை மடக்க முடியாமல் கூசிப்போகிறார்கள்.

ஆகவே ஜெபம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "முடியாதவர்கள் உட்கார்ந்தே ஜெபிக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சண்டே ஸ்கூல் ஆசிரியர்களே, கண் திறந்த பிள்ளையைக் குட்ட வேண்டாம்.