பாலினேசியப் பாடத்தை எங்கே தொடங்குவது? வரவு செலவு அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலையை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் பாலினேசியத் தீவுகளின் வளம், பொருளாதாரம், சமூகம் பற்றிச் சொல்லித்தர எங்கே தொடங்குவது, பழைய மரபிலா இன்றைய வரவு செலவிலா? நாங்கள் வரவு செலவுப் பக்கம். அறிவித்ததுமே, வட்டிக்கடைக்காரர்களை மேடையில் ஏற்றிவிட்டார்களோ என்று முன்வரிசையில் ஒருவர் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். ஹவாயில் மலையுச்சியிலிருந்து கடல் வரைக்கும் ஒரே நீள நிலமாகப் பிரித்து வாழ்ந்த அஹுபுவாஆ, மீன் குறைந்தால் கடலில் ஒரு பகுதியைக் கொஞ்ச காலம் மூடிவைக்கும் ராஹுயி, டோகெலா தீவுகளில் பிடித்த மீனை எல்லா வீட்டுக்கும் பங்கு பிரிக்கும் இனாதி, எல்லாமே உண்மை, நானும் ரசித்துக் கேட்டேன். ஆனால் அந்தப் பாடத்தோடு வெளியே வரும் பிள்ளையிடம், இன்றைக்கு டோகெலா அரசாங்கத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். தேங்காய் விற்று என்று சொல்லும். வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணமும் நியூசிலாந்து தரும் பணமும் அதன் கண்ணிலேயே பட்டிருக்காது.

நாம் இருப்பது ஆக்லாந்தில் ஐயா, உலகத்திலேயே அதிகப் பாலினேசியர்கள் வாழும் நகரத்தில். நம் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது டோங்காப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்தும் அதுபோன்ற ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்தும் ஊருக்குப் போகும் பணம், டோங்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்குச் சமம். நியுவே தீவில் இருப்பவர்கள் 2,000 பேர்கூட இல்லை, இங்கே நியூசிலாந்தில் இருக்கும் நியுவேக்காரர்களோ 20,000க்கும் மேல். கூடப் படிக்கிறவனைப் படகும் பாய்மரமுமாக மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்?

அடுத்து, "இந்த வயதுக்கு வர்த்தகம் எல்லாம் புரியுமா?" என்று கேட்டார்கள். புரியும், சாமோவாவை எடுத்தால் போதும்.

2009 செப்டம்பர் 7ஆம் தேதி அந்த நாட்டில் வண்டி ஓட்டும் பக்கத்தையே வலமிருந்து இடத்துக்கு மாற்றினார்கள். ஏன்? இடப்பக்கம் ஓட்டும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பழைய கார்களை மலிவாக அனுப்ப முடியும், அவ்வளவுதான். 2011இல் இன்னும் பெரிய வேலை. டிசம்பர் 29 வியாழக்கிழமை ராத்திரி படுத்தவர்கள் எழுந்தது 31 சனிக்கிழமையில், 30ஆம் தேதி என்று ஒன்று அந்த ஊரில் வரவே இல்லை! அதுவரை அங்கே வெள்ளிக்கிழமை என்றால் ஆக்லாந்தில் சனி, விடுமுறை. அவர்கள் ஞாயிறு தேவாலயத்தில் இருக்கும்போது சிட்னியில் திங்கட்கிழமை வியாபாரம் ஆரம்பித்திருக்கும், ஆக வாரத்தில் இரண்டு வேலை நாள் போச்சு என்றுதான், நாள் மாறும் இடமாகக் கடலில் வகுத்திருக்கும் கற்பனைக் கோடான தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் தாவினார்கள். இதைவிட வேடிக்கை, 1892இல் இதே சாமோவா அமெரிக்க வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தது, அப்போது ஜூலை 4 இரண்டு தடவை வந்தது. டிசம்பர் 30இல் பிறந்த பிள்ளை வகுப்பில் ஒன்று இருந்தால் போதும், வர்த்தகக் கூட்டாளி மாறினால் என்னவெல்லாம் மாறும் என்று நீங்கள் தனியாக விளக்கவே வேண்டாம்.

வான்கோழி வால் கதை தெரியுமா? அமெரிக்காவில் விலைபோகாத, கொழுப்பு மட்டுமே இருக்கிற அந்தத் துண்டு சாமோவாவுக்கு வந்து இறங்கியது. உடம்புக்குக் கெடுதல் என்று 2007இல் தடை போட்டார்கள். உலக வர்த்தக அமைப்பில் சேரப் போனபோது தடையை எடுங்கள் என்று நிபந்தனை, எடுத்தார்கள், 2012இல் உறுப்பினர் ஆனார்கள். இதைச் சொல்லிவிட்டு வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்க விடுங்கள், மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார்கள்.

எதிரணியின் இன்னொரு கவலையில் நியாயம் இருக்கிறது. காசிலிருந்து தொடங்கினால், இந்தத் தீவுகள் எல்லாம் அடுத்தவர் கையை நம்பிப் பிழைக்கின்றன என்று பிள்ளை நினைத்துவிடாதா? பாதியில் நிறுத்தினால் நினைக்கும்தான். நிறுத்தாதீர்கள். துவாலு என்ற குட்டித் தீவு நாட்டின் நிலம் 26 சதுர கிலோமீட்டர், அதற்கு உரிமையான கடலோ பல லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே சூரை மீன் பிடிக்க வருகிற கப்பல் காசு கட்ட வேண்டும், இணைய முகவரியில் 'டாட் டிவி' போட்டுக்கொள்கிற நிறுவனம் தருகிற கட்டணத்திலும் துவாலுவுக்குப் பங்கு உண்டு. இது பிச்சையா, வாடகையா? பிரெஞ்சுப் பாலினேசியாவில் மகாத்தேயா தீவின் பாஸ்பேட் சுரங்கம் 1966இல் மூடியது, அதே ஆண்டு மொருரோவா தீவு வட்டாரத்தில் பிரான்சின் அணுகுண்டுச் சோதனை தொடங்கி 1996 வரை நடந்தது, தஹித்தியில் பணம் புழங்கியது. அந்தப் பணம் எதற்கான விலை என்றும் பிள்ளை கேட்கட்டுமே.

பணத்தைப் பின்தொடர்ந்து போனால் மரபும் தானாக வரும். ஆக்லாந்திலிருந்து போன டாலர் சாமோவாவில் எங்கே போகிறது? பள்ளிக் கட்டணத்துக்கு, தேவாலயத்துக்கு, அப்புறம் குடும்பத்தில் ஒரு சாவோ கல்யாணமோ பட்டம் சூட்டலோ வந்தால் எல்லாரும் கூடிச் சேர்க்கும் ஃபாலவெலவேக்கு. அந்தக் கடமை சில வீடுகளில் கடனாகவும் நிற்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யார் எவ்வளவு தருவது என்பதில் பேச்சு யாருடையது? மதாய் எனும் குடும்பத் தலைவருடையது. சாமோவாவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் விற்க முடியாத மரபு நிலம், அதைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். எதிரணி முதல் வாரத்தில் மனப்பாடம் பண்ண வைக்கிற இதே விஷயத்துக்கு எங்கள் வகுப்பில் பிள்ளையே கேள்வி கேட்டு வந்து சேர்கிறது.

ராஹுயி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை நடுவர் அவர்களே, அதை மூன்றாவது வாரத்தில் வையுங்கள், மீன் உரிமத்தின் விலை தெரிந்த பிறகு. தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.