வீட்டைக் காட்டாதே, ஆர்கனைக் காட்டு!

[திரையில்: பழைய கருப்பு வெள்ளைப் படம். பத்து நொடி, சத்தமே இல்லை.]

அவசரமில்லை, நன்றாகப் பாருங்கள். பொட்டல் வெளி, ஒரு மரம் கிடையாது. பின்னால் கால்நடைகள். முன்னால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே விறைப்பாக நிற்கிறது. இவ்வளவுக்கும் நடுவில், வெட்டவெளியில், காலால் மிதித்து வாசிக்கிற ஒரு பெரிய ஆர்கன்!

யாராவது அறுவடை முடிந்து கச்சேரி வைத்தார்களா? இல்லை. வாசிக்கவே வெளியே கொண்டு வரவில்லை. படம் எடுப்பதற்காக மட்டும் வீட்டுக்குள்ளிருந்து முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள், எடுத்து முடித்ததும் திரும்ப உள்ளே தள்ளினார்கள். ஏன் என்று சொல்கிறேன், அதற்குள் ஓடிவிடாதீர்கள்.

[தலைப்பு அட்டை]

இடம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கஸ்டர் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). காலம், 1880கள். பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1862இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வருகிறது: ஐந்து வருடம் குடியிருந்து உழுது காட்டினால் 160 ஏக்கர் உனக்கு. கிழக்கிலிருந்து கூட்டம் கிளம்பி வருகிறது. அந்த நிலத்தில் அதற்கு முன் இருந்த பானி பழங்குடி மக்களை 1870களில் ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள். இந்தப் படங்களில் அவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள், கவுண்டிக்கு வைத்த பெயரோ பழங்குடிகளோடு சண்டை போட்டே 1876இல் செத்த ஜெனரல் கஸ்டருடையது. இதை இங்கேயே சொல்லிவிட்டேன், இது இல்லாமல் மற்ற கதையைச் சொன்னால் பாதிக் கதைதான்.

சரி, நிலம் கிடைத்தது. வீடு கட்ட மரம்? அதுதான் இல்லையே. அதனால் புல் வேர்விட்டு இறுகிப்போன மண்ணையே பாளம் பாளமாக உழுது எடுத்து, செங்கல் மாதிரி அறுத்து, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்கினார்கள். இதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'நெப்ராஸ்கா மார்பிள்'. குசும்பைப் பாருங்கள்! சுவர் இரண்டடிக்கு மேல் கனம், அதனால் கோடையில் குளிர்ச்சி, பனியில் கதகதப்பு, அதெல்லாம் பிரமாதம். ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், வெளியே வெயில் அடித்த பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்கும். மேலிருந்து மண் கொட்டும், சமயத்தில் பாம்பும் விழும். அதற்காகவே கூரைக்கு அடியில் துணி கட்டி வைத்தார்கள்.

இப்போது நம் ஆள் வருகிறார். சாலமன் புட்ச்சர். பெயர்தான் கசாப்பு, ஆள் படு சாது. 1880இல் அப்பாவோடு வந்து நிலம் பிடித்தார், சில வாரங்களிலேயே விவசாயம் நமக்குச் சரிப்படாது என்று நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மருத்துவக் கல்லூரிக்குப் போனார், அதையும் முடிக்கவில்லை. திரும்பி வந்து போட்டோ ஸ்டூடியோ திறந்தார், அதிலும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை இப்படி இருக்குமே, அதுதான் இவர். (கமெண்டில் "அது நான்தான்" என்று போடப் போகிறவர்களுக்கு வணக்கம்.)

1886இல் இவருக்கு ஒரு யோசனை. கவுண்டியில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் அவரவர் வீட்டு வாசலிலேயே படம் எடுத்து, கதையையும் கேட்டு எழுதி, ஒரு வரலாற்றுப் புத்தகம் போட வேண்டும். வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பல இடங்களில் கூலியே ஒரு வேளைச் சாப்பாடும் குதிரைக்குத் தீனியும்தான்.

அப்படிப் போன ஒரு வீடுதான் ஹில்டன் குடும்பத்தினுடையது. ஹில்டன் அம்மாவுக்குப் படம் வேண்டும், கிழக்கில் இருக்கிற சொந்தபந்தங்களுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் மண் வீட்டில் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது! வீடு படத்தில் விழவே கூடாது. ஆனால் வீட்டுக்குள் ஆர்கன் இருக்கிறதே, அது தெரிய வேண்டும். அப்புறம் என்ன, ஆர்கன் முற்றத்துக்கு வந்தது.

அந்தத் தள்ளுமுள்ளை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மெதுவா, கால் உடைஞ்சிடப் போகுது", "அந்தப் பக்கம் தூக்குங்க" என்று அம்மா கத்தியிருக்க மாட்டாரா? நாம் வீடியோ காலில் பின்னால் இருக்கும் துணிமூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சிரிக்கிறோமே, அதே வேலைதான். படத்தின் சட்டகத்துக்குள் எது வரலாம், எது வரக் கூடாது என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டார், கேமராக்காரர் பெயருக்குத்தான்.

ஒருமுறை இது கண்ணில் பட்டுவிட்டால் மற்ற படங்களிலும் இதைத்தான் தேடுவீர்கள். வீட்டில் இருக்கிற நல்லது எல்லாம் வாசலுக்கு வந்திருக்கும். உள்ளே இருட்டு, கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், அது ஒரு காரணம். ஆனால் குதிரைகளையுமா வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள்? சார்ஜென்ட் ஊருக்கு வடக்கே ராடிங் குடும்பம் மேசையைப் போட்டுத் தர்பூசணியோடு உட்கார்ந்திருக்கிறது. பின்னால் மாடு ஒன்று கூரை மேலேயே நிற்பது போல எட்டிப் பார்க்கிறது! வீடு மேட்டோடு ஒட்டிக் கட்டியது, மாட்டுக்கு அது கூரை என்று யார் சொல்வது? எனக்கு மொத்தத் தொகுப்பிலும் பிடித்த முகம் அந்த மாடுதான். அது மட்டும்தான் போஸ் கொடுக்கவில்லை.

கிறிஸ்மன் சகோதரிகள் படத்தையும் தேடிப் பாருங்கள். 1886, நாலு அக்கா தங்கைகள் மண் வீட்டின் முன்னால் நிற்கிறார்கள். மூத்தவர்கள் தங்கள் பெயரிலேயே நிலம் பிடித்தவர்கள். குடியிருந்தால்தான் நிலம் என்பதால், தனியாக இருக்காமல் மாறி மாறி ஒருவர் வீட்டில் மற்றவர் போய்த் தங்கிக்கொண்டார்கள். கடைக்குட்டி ரூத்துக்கு வயது வருவதற்குள் அந்தப் பக்கத்தில் நிலமே தீர்ந்துபோனது. வெஸ்டர்வில் பக்கத்தில் 1887இல் எடுத்த ஷோர்ஸ் குடும்பம் இன்னொன்று, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜெர்ரி ஷோர்ஸின் குடும்பம். இது தனி வீடியோ கேட்கிற விஷயம், லைக் போட்டால் செய்கிறேன்.

[திரையில்: முகமூடி அணிந்தவர்கள் கம்பிவேலியை வெட்டும் படம்]

இப்போது வில்லங்கத்துக்கு வருவோம். 1885இல் பிரைட்டன் பண்ணையின் வேலியை 15 மைல் நீளத்துக்குக் குடியேறிகள் வெட்டிய சம்பவம். படம் தத்ரூபம்! ஆனால் வெட்டும்போது எடுத்ததில்லை, சுமார் பதினைந்து வருடம் கழித்து ஆட்களை நிறுத்தி நடிக்க வைத்து எடுத்தது. இன்னொன்று, 1876இல் வெட்டுக்கிளி படையெடுத்தபோது ஸ்வெய்ன் ஃபிஞ்ச் என்ற பண்ணைக்காரர் எப்படி விரட்டப் பார்த்தார் என்று அவரே நடித்துக் காட்டும் படம். அதில் வெட்டுக்கிளிகள்? நம் புட்ச்சரே கண்ணாடி நெகட்டிவில் கையால் போட்டுவிட்டார். போட்டோஷாப் எல்லாம் யாருக்கு வேண்டும்! சிலர் இதை மோசடி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் நடந்ததை மறுபடி நிகழ்த்திக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தேதியைப் பார்க்காமல் பாடப்புத்தகத்தில் போடுகிறவர்கள்தான் தப்புச் செய்கிறார்கள்.

1899இல் புட்ச்சரின் வீடு தீப்பிடித்தது. பிரிண்டுகள், எழுதி வைத்த கதைகள் எல்லாம் சாம்பல். நெகட்டிவ்கள் மட்டும் தானியக் கொட்டகையில் இருந்ததால் தப்பின. அதே ஃபிஞ்ச் பணம் கொடுத்துத் தூக்கிவிட, 1901இல் புத்தகம் வந்தே விட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த நெகட்டிவ் கண்ணாடித் தட்டுகளைப் பிற்பாடு நெப்ராஸ்கா வரலாற்றுக் கழகம் 600 டாலருக்கு வாங்கியது. தட்டு ஒன்றுக்கு இருபது சென்ட்கூட வரவில்லை! 1927இல் புட்ச்சர் இறந்தார், பணக்காரராக அல்ல.

கடைசியாக, இந்த வீடியோவையே செய்யத் தூண்டிய விஷயம். 1990களின் இறுதியில் அந்தத் தட்டுகளை உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தின் மூலம் இணையத்தில் போட்டார்கள். பழைய பிரிண்ட்டில் வீட்டு வாசல் வெறும் கருப்புச் சதுரம். வெளியே வெயில், உள்ளே இருட்டு, இரண்டையும் சேர்த்துக் காட்டக் காகிதத்தால் முடியவில்லை. கண்ணாடித் தட்டில் அந்த இருட்டும் மெலிதாகப் பதிந்துதான் இருந்தது. கணினியில் ஏற்றி வெளிச்சத்தைக் கூட்டினார்கள், கருப்புக்குள்ளிருந்து வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. காட்டக் கூடாது என்று உள்ளேயே விட்டதெல்லாம் நூறு வருடம் கழித்து வாசலுக்கு வந்துவிட்டது.

ஹில்டன் அம்மாவைத் தவிர. அவர்தான் வாசலையே படத்தில் விடவில்லையே! எவ்வளவு பெரிதாக்கினாலும் ஆர்கனும் மாடுகளும்தான்.

[திரையில்: மறுபடி அதே ஆர்கன் படம். மெதுவாக இருள்கிறது.]