பேரு முகப்புல சொன்னா அடுப்படில கேக்கணும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்குற எல்லாருக்கும் வணக்கம். புள்ளைக்குப் பேரு வைக்கிறதப் பத்திப் பேசச் சொன்னாக, ரொம்ப நாளா என் மனசுல கெடக்குற விஷயம்.

பேருங்கிறது மொதல்ல கூப்பிடுறதுக்கு. எழுதுறதெல்லாம் அப்பறம். நம்ம வீடுகளப் பாருங்க, முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. முகப்புல நின்னு “அழகம்மை”ன்னு ஒரு சத்தம் குடுத்தா வளவு, அதான் தூண் வச்ச நடு முற்றம், அதத் தாண்டி அடுப்படிக்குப் போயிரும். சிறுகூடல்பட்டில பொறந்த கண்ணதாசனுக்கு வீட்ல வச்ச பேரு முத்தையா, கூப்பிட்டுப் பாருங்க, எவ்வளவு தூரம் வேணும்னாலும் இழுக்கலாம். இப்ப க், த், ஷ்னு முடியிற பேரா வைக்கிறாக, அத எப்படி இழுக்குறது? தமிழ்ல அப்படி எந்தச் சொல்லும் முடியாதே, அதான் நம்ம வாய் தானா ஒரு ‘உ’ சேத்துக்குது, ரித்விக்கு, ஹரீஷுன்னு.

எங்க சொந்தத்துல ஒரு அப்பத்தா. பேரன் சிங்கப்பூர்ல, பேரு ரித்விக். வளவுல தூணோரமா உக்காந்து வீடியோ கால்ல “ரித்து... ரித்துவி...”ன்னு திணறுறாக, புள்ள பொம்மைய உருட்டிக்கிட்டே இருக்கு, திரும்பவே இல்ல. நம்ம வழக்கத்துல மூத்த பேரனுக்கு அவுக ஐயா, அதான் அப்பாவோட அப்பா, அவுக பேர வச்சிருக்கணும், அப்ப அப்பத்தா வீட்டுக்காரர் பேரச் சொல்லமாட்டாக, “ஐயா”ன்னுதான் கூப்பிடுவாக. சரின்னு இவுகளும் “ஐயா... ஏய் ஐயா”ன்னாக பாருங்க, புள்ள சட்டுனு நிமிந்து சிரிச்சிருச்சு! அன்னைலருந்து அந்த வீட்ல எல்லாருக்கும் அவன் ஐயாதான். எனக்கு அதப் பாத்ததுல அவ்வளவு சந்தோஷம்.

புதுப் பேரே வேணாம்னு நான் சொல்லல. பிள்ளையார்பட்டி இருக்கு, கற்பகம்னு வைங்க. குன்றக்குடி இருக்கு, சண்முகம்னு வைங்க. எதுவா இருந்தாலும் வீட்ல மூத்தவுக வாயால ஒரு பத்துத் தடவ சத்தமாக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நியூமராலஜி பாத்து இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து கூட்டிப் போடுறாகல்ல, கூப்பிடுற சத்தம் அதால மாறுதா? மாறல.

இனிஷியல் பத்தியெல்லாம் சொல்லணும்னு வந்தேன், நேரம் ஆச்சுங்கிறாக. ஒண்ணே ஒண்ணு. ஆஸ்பத்திரில கேக்குறாகன்னு அவசரப்பட்டு ஒரு பேரக் குடுத்துறாதீக. பிறப்ப 21 நாளுக்குள்ள பதிஞ்சிருங்க, பேர 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாமலே சேத்துக்கலாம். வரட்டுங்களா, வணக்கம்.