கோர்கட்ஸின் ‘அப்ஸ்க்யூரா’: இசைச் சாதனையே என்னும் அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். உறுமும் குரலும் கனத்த கிதார்களும் கொண்ட கடுமையான ராக் இசை வகையான டெத் மெட்டலை வாசிக்கும், கனடாவின் கியூபெக் மாகாணத்துக் குழுவான கோர்கட்ஸ் 1998 ஜூன் மாதம் வெளியிட்ட ‘அப்ஸ்க்யூரா’ ஆல்பம் இசைச் சாதனையா, வெறும் வித்தைக் காட்சியா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கைவிரல் திறமையைக் காட்டுவதற்காகவே செய்யப்பட்ட சத்தம் இது என்பது ஒன்று. வெளிவந்தபோது ரசிகர்களே முகம் சுளித்தார்கள், இன்றைய புகழ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது மற்றொன்று.

முதல் வாதத்துக்கு வருகிறேன். திறமையைக் காட்ட விரும்பும் கிதார் கலைஞன் என்ன செய்வான்? கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறு சுரங்களை உதிர்க்கும் தனி வாசிப்பை ஒவ்வொரு பாடலிலும் நுழைப்பான். கேட்பவர் வாய்பிளக்க வேண்டும் என்பதே அவன் குறி. ‘அப்ஸ்க்யூரா’வில் அந்த வாய்பிளப்புக்கே இடமில்லை. லுக் லெமேயும் ஸ்டீவ் ஹர்டிலும் வாசிக்கும் கிதார்கள் கீறுகின்றன, முனகுகின்றன, ஒன்றோடொன்று உரசும் சுரங்களை வேண்டுமென்றே அடுக்குகின்றன. டெத் மெட்டலின் அன்றாட உணவான விரைவு ட்ரெமோலோ மீட்டலை, அதாவது ஒரே சுரத்தை இடைவிடாமல் வேகமாக மீட்டுவதைத் தவிர்ப்பது என்று பாடல்களை எழுதும்போதே தீர்மானித்துக்கொண்டதை லெமே பின்னாளில் நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். கைதட்டல் வாங்கித் தரும் கருவியைத் தாமே கீழே வைத்துவிட்டு வந்தவர்களை வித்தை காட்ட வந்தவர்கள் என்று சொல்வது என்ன நியாயம், நடுவர் அவர்களே?

இவர்களுக்கு வழக்கமான டெத் மெட்டல் வராது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. 1991இல் வந்த முதல் ஆல்பம் ‘கன்சிடர்ட் டெட்’, அந்த இசையின் தலைநகர் என்றே சொல்லத்தக்க ஃப்ளோரிடாவின் டேம்பா நகரில், மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. 1993இல் வந்த ‘தி எரோஷன் ஆஃப் சானிட்டி’ அதைவிட நுணுக்கமானது. அதே வழியில் இன்னும் இரண்டு ஆல்பங்கள் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று நாம் இங்கே கூடி வழக்காடியிருக்கவும் மாட்டோம். ஆனால் ஆல்பங்களை வெளியிட்டுவந்த ரோட்ரன்னர் நிறுவனத்தின் ஆதரவு போய், கையில் ஒப்பந்தம் இல்லாமல் நின்ற அந்த இடைவெளியில்தான், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத இந்தப் பாடல்கள் பிறந்தன. அவற்றில் பெரும்பாலானவை வெளிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை. பின்னர் ஒலிம்பிக் ரெக்கார்டிங்ஸ் என்னும் இசை நிறுவனம் அவற்றை வெளியிட்டது. விற்பனைக்காகவோ வியப்புக்காகவோ எழுதுகிறவர்கள் இத்தனை காலம் காத்திருப்பார்களா?

‘க்ளவுடட்’ என்ற பாடலை எதிரணியினர் தவறாமல் கேட்க வேண்டும். 9 நிமிடங்களுக்கும் மேலாக அது ஊர்ந்தே செல்கிறது. பாட்ரிக் ரோபேரின் டிரம்ஸ் அடிக்கும் அடியைவிட அடிக்காமல் விடும் இடம்தான் அதில் கனக்கிறது. ‘எர்த்லி லவ்’ பாடலில் லெமே வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை எடுத்துக்கொண்டு வருகிறார்; மெட்டல் ஆல்பங்களில் தந்தி வாத்தியம் வழக்கமாகத் தரும் இனிமைப் பூச்சாக அல்லாமல், கிதார்களின் கரகரப்பிலேயே அது தன் குரலைக் கலக்கிறது. ஸ்டீவ் க்ளூட்டியேவின் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதாரோ கிதாரின் நிழலாகப் பின்தொடராமல் தனக்கென ஒரு வழியில் நடக்கிறது. வேகத்தையும் இனிமையையும் மறுத்து, நெருக்கடியான மனநிலை ஒன்றை ஏறத்தாழ 60 நிமிடங்களுக்கு விடாமல் கட்டி நிறுத்துவது எழுத்துத் திட்டம் இல்லாமல் நடக்கிற காரியம் அல்ல.

இனி வரவேற்பு. பலருக்கு அன்று இது பிடிக்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் வழக்கே தோற்கும். சுருதி சேராத கிதார் என்றும் புரியாத கூச்சல் என்றும் கருதியவர்கள் பொய் சொல்லவில்லை, தம் காதில் விழுந்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களின் அளவுகோல் எது? முந்தைய ஆல்பங்கள் பழக்கிவைத்த டெத் மெட்டல். அந்த அளவுகோலையே மாற்ற வந்த படைப்பை அதே கோலால் அளந்தால் குறைவாகத்தான் தெரியும். (எதிரணித் தலைவரும் இரண்டு பாடல்களோடு நிறுத்திக்கொண்டார் என்பதை அவர் உரையிலேயே ஒப்புக்கொண்டார், நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.)

பிற்காலப் புகழை ஒட்டுப்புகழ் என்றார். புகழ்ந்தவர்கள் விமர்சகர்கள் மட்டுமாக இருந்திருந்தால் நானும் தயங்கியிருப்பேன். ஆனால் இந்த ஆல்பத்திலிருந்து கற்றுக்கொண்டவர்கள் இசைக்கருவி வாசிக்கும் கலைஞர்கள். நியூசிலாந்தின் அல்சரேட் போன்ற குழுக்களைக் கேட்டால், ஒன்றோடொன்று உரசும் சுரங்களை, அதாவது சுரமுரண்களை அடிப்படையாகக் கொண்ட ஒரு தனிக் கிளையே இதிலிருந்து கிளைத்திருப்பது தெரியும். லெமே குழுவை மறுபடி கூட்டியபோது, ‘டிஸ்ரித்மியா’ குழுவில் வாசித்துவந்த கெவின் ஹுஃப்னகலும் காலின் மார்ஸ்டனும் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு 2013இல் வெளிவந்த ‘கலர்ட் சாண்ட்ஸ்’ ஆல்பத்தின் நடுவில் தந்தி வாத்தியங்களுக்கென்றே லெமே எழுதிய ஒரு தனிப் படைப்பு இருக்கிறது. வெறும் விரல் வித்தை என்றால் அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் அதன் வேகத்தைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதோ அதன் இசைமொழியை. இதற்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை அடுத்துப் பேச வருகிறவர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.